ஒரகடத்துக்குக் கொண்டுபோன வால்வு

இந்தியாவுக்குப் போகிற எங்கள் ஊர்ச் சனம் கோயில் கும்பிடப் போகும், கல்யாணச் சேலை எடுக்கப் போகும், வைத்தியம் பார்க்கப் போகும். நான் ஓட்டுகிற வானுக்கு வால்வு வாங்கப் போனேன். புதன்கிழமை பின்னேரம், சுங்குவார்சத்திரத்தில் ஒரு லாட்ஜ் அறைக் கட்டிலில் பழைய பேப்பரை விரித்து, கரி பிடித்த அந்த இரும்புக் கட்டியை அதன்மேல் வைத்துவிட்டு, நாளைக்கு இதை யாரிடம் காட்டுவது என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

வான் எங்களுடையது. செவ்வாயும் வெள்ளியும் பரந்தனிலிருந்து ஐந்து பேரை இரத்தச் சுத்திகரிப்புக்காக யாழ்ப்பாணம் கொண்டுபோய்க் கொண்டுவருகிற வான். என் கணவர் சிவநாதனுக்காகத்தான் அதைப் பழையதாக வாங்கினோம். அவரோடு ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டில்களில் படுத்தவர்கள் ஒவ்வொருவராகச் சேர்ந்து ஐந்து பேர் ஆகிவிட்டார்கள். ஓட்டுவது நான். அந்த வான் இரண்டு மாதமாக இழுக்கவில்லை. கறுப்பாகப் புகைத்தது, ஸ்டியரிங்குக்கு முன்னால் மஞ்சள் விளக்கு எரிந்தது, ஆனையிறவு வெளியில் சைக்கிள்காரர்கூட எங்களை முந்திப் போனார்.

ஈஜிஆர் வால்வு பழுது என்றார் எங்கள் கராச் குணமண்ணை. புகையில் ஒரு பங்கைத் திரும்ப எஞ்சினுக்குள் விடுகிற வால்வாம் அது. கழற்றித் துடைத்துப் போட்டார். நாலு நாள் ஓடியது. மறுபடி விளக்கு எரிந்தது. மறுபடி துடைத்தார், இந்த முறை மூன்று நாள். பழைய வான்களில் என்றால் ஒரு தகரத் துண்டை வைத்து அந்தப் புகைவழியை அடைத்துவிடுவாராம். இதில் கம்பியூட்டர் இருப்பதால் அடைத்தால் கண்டுபிடித்துவிடுமாம். கடைசியில், வால்வின் மோட்டர் செத்துவிட்டது, புதுசுதான் போட வேண்டும் என்றார். கொழும்பில் கேட்டால் இரண்டு மாதம் செல்லும் என்றார்கள். சென்னையில் இருக்கிற என் மச்சாள் மூன்று கடையில் கேட்டு மூன்று விதமான வால்வுகளைப் படம் எடுத்து அனுப்பினாள். வான் செய்யப்பட்ட இடம் ஒரகடம் என்று கதவுத் தகட்டில் எழுதியிருந்தது. செய்கிற இடத்துக்கே பழையதைக் கொண்டுபோய்க் காட்டினால் வேலை முடிந்தது என்று நினைத்தேன். அப்படி நினைத்தது நான் மட்டுமல்ல, ஐந்து பேரும்தான்.

ஸ்ரீபெரும்புதூரில் லாட்ஜ் எல்லாம் நிரம்பியிருந்ததால்தான் சுங்குவார்சத்திரத்துக்கு வந்தேன். லாட்ஜுக்குக் கீழே ஒரு மெஸ். எங்கள் ஊரில் தேத்தண்ணிக்குப் பால் வேண்டுமென்றால் கேட்க வேண்டும், இங்கே பால் வேண்டாம் என்று கெஞ்ச வேண்டும். கெஞ்சியும் பாலோடுதான் வந்தது. பக்கத்து மேசையில் இரண்டு பேர் ஹிந்தியில் பேசிச் சிரித்துக்கொண்டு பரோட்டா சாப்பிட்டார்கள். என்ன சிரிப்பு என்று பரிமாறுகிறவரிடம் கேட்டேன். "அம்மா போன்ல சாப்ட்டியான்னு கேட்டா, இங்க ஒண்ணும் கெடைக்கலன்னு சொல்லு, அப்பதான் ஊருக்குப் போறப்ப நல்லா ஆக்கிப் போடும்ங்கிறான்" என்று மொழிபெயர்த்தார். அன்று முழுவதும் நான் கேட்ட நல்ல யோசனை அது ஒன்றுதான்.

மறுநாள் காலையில் ஒரகடம் போனேன். எங்கள் ஊரில் ஒரு சந்தியிலிருந்து அடுத்த சந்திக்குப் போகிற தூரம் இங்கே ஒரே கம்பனியின் மதில். மதிலோரம் கார்களை இரண்டு தட்டாக அடுக்கிய லொறிகள் நிற்கின்றன. நடக்கிறவருக்கென்று அந்தத் தெருவில் எதுவும் இல்லை. கேட்டில் நின்ற காவலர் என் பையைத் திறந்து வால்வைப் பார்த்து, பிறகு என் முகத்தைப் பார்த்தார். என் பேச்சைக் கேட்டுக் கேரளாவா என்று கேட்டார். இலங்கை என்றேன். கதிரை போட்டு, தண்ணீர் கொடுத்து, மிக மரியாதையாகச் சொன்னார்:

"இங்க வண்டிதாம்மா செய்வாங்கோ. ஸ்பேர் விக்க மாட்டாங்க. ஒரு போல்ட்டு வேணும்னாக்கூட நீங்க டீலராண்டதான் போவணும்."

நான் கடல் தாண்டி வந்தேன் என்று சொன்னேன். அவர் வருத்தத்தோடு தலையாட்டினார். உள்ளே ஆயிரக்கணக்கில் இருக்கும், எனக்கு ஒன்று வேண்டும் என்றேன். அதற்கும் தலையாட்டினார்.

வெளியே ஆட்டோவோடு நின்ற ஏழுமலை அங்கேதான் அகப்பட்டார். ஐம்பது வயதிருக்கும், உள்ளூர்க்காரர், கேட்காத கேள்விக்கும் பதில் வைத்திருப்பவர். "இன்னாக்கா, கேட்டாண்ட நின்னுகினு இருந்தா வால்வு தானா வருமா, ஏறுங்க" என்றார். ஏறினேன். பாதி வழியில் ஒரு கண்டெய்னர் லொறி குறுக்கே திரும்ப முடியாமல் மாட்டி, முக்கால் மணிநேரம் வெயிலில் நின்றோம். இந்த நெடுஞ்சாலை வருவதற்கு முன்னால் இந்த இடத்தில் யாருடைய கிணறு இருந்தது என்பது வரை அதற்குள் எனக்குத் தெரிந்துவிட்டது.

டீலரின் சர்வீஸ் நிலையம் குளிரூட்டப்பட்ட மண்டபம். பாகங்கள் விற்கிற கவுண்டரில் இருந்த தம்பி வாகன இலக்கம் கேட்டார். சொன்னேன். சிஸ்டத்தில் இல்லை என்றார். இலங்கை இலக்கம் என்றேன். சேசிஸ் நம்பர் கேட்டார். கொடுத்தேன். ஏற்றுமதி வண்டி, அதுவும் சிஸ்டத்தில் இல்லை என்றார். வால்வை எடுத்து மேசையில் வைத்தேன். கண்ணாடி மேசையில் கரி பட்டது. அவர் திசுத்தாளால் துடைத்துக்கொண்டே, வால்வில் பார்ட் நம்பர் இருக்குமே என்றார். இருந்தது, கரிக்கு அடியில். ஏழுமலை எங்கிருந்தோ கொஞ்சம் பெட்ரோலும் ஒரு பழைய டூத் பிரஷும் கொண்டுவந்தார். வாசலில் குந்தியிருந்து தேய்த்தேன். எண்கள் ஒவ்வொன்றாகத் தெளிந்தன. அவ்வளவு சந்தோஷமாகக் கவுண்டருக்கு ஓடினேன்.

அந்த எண் பழசு, கடைசி எழுத்து மாறிவிட்டது என்றார். புதிய எண்ணில் ஸ்டாக் இல்லை. பத்து நாளில் வரும். வந்தாலும், சர்வீஸுக்கு வந்த உள்ளூர் வண்டி ஒன்றின் ஜாப் கார்டு இல்லாமல் பில் போட முடியாது. இத்தனையையும் அவர் கொஞ்சமும் கோபப்படாமல் சொன்னார். கோபப்பட்டிருந்தால் எனக்கும் கோபப்பட வசதியாக இருந்திருக்கும்.

வெள்ளிக்கிழமை ஏழுமலை தனக்குத் தெரிந்த கராஜுக்குக் கூட்டிப்போனார். ஒரகடத்திலிருந்து படப்பைக்குப் போகிற சாலையில் தகரக் கொட்டகை. மெக்கானிக் பாஷா வால்வை வாங்கி முகர்ந்து பார்த்தார். இதைத் தூக்கிப் போட்டுவிட்டு, லேப்டாப்காரரைக் கூப்பிட்டு, கம்பியூட்டரிலேயே இந்த வால்வை இல்லாமல் ஆக்கிவிடலாம் என்றார். வண்டி எங்கே என்று கேட்டார். பரந்தனில் என்றேன். அது எந்தப் பக்கம், மணிமங்கலம் தாண்டியா என்றார். விளக்கினேன். அவர் அலுத்துப்போய் உள்ளே சென்று பழைய வால்வு ஒன்றை எடுத்து வந்து, அச்சு அசல் இதேதான் என்றார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். என்னுடையதில் மூன்று துளை, அவருடையதில் நாலு. ஒன்றை அடைத்தால் போகிறது என்றார்.

அப்போதுதான் வீட்டிலிருந்து தொலைபேசி வந்தது. செவ்வாய்க்கிழமை தன் வானை இரவல் தந்தவர் வெள்ளிக்குத் தரவில்லை. ஐந்து பேரும் பஸ்ஸில் போயிருக்கிறார்கள். திரும்பி வரும்போது இருக்கை கிடைக்காமல், எழுபது வயது இரத்தினம் மாமி நின்றபடியே மயங்கி விழுந்துவிட்டார். என் கணவர் இதைச் சொல்லிவிட்டு, ஒன்றும் பயமில்லை, மாமி இப்போது சோடா குடிக்கிறா என்றார். தனக்கு எப்படி என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை, குரலிலேயே தெரிந்தது. பாஷாவின் வால்வை அவர் கையில் திருப்பிக் கொடுத்துவிட்டு வெளியே வந்து, ஏழுமலையின் ஆட்டோவுக்குள் இருந்து அழுதேன். அவர் வாய் திறக்காமல் இருந்தது அந்த ஐந்து நிமிடம் மட்டும்தான்.

சனிக்கிழமை காலை இன்னொரு கடையைப் பார்க்கலாம், எட்டு மணிக்கு ஒரகடம் வாருங்கள் என்று ஏழுமலை சொல்லியிருந்தார். சுங்குவார்சத்திரம் நிறுத்தத்தில் ஒரு பஸ் வந்து நின்றது. ஒரகடமா என்று கேட்டேன். யாரோ ஆமாம் என்பது போலத் தலையாட்டினார்கள். ஏறிவிட்டேன். பஸ் கிளம்பிய பிறகுதான், உள்ளே இருக்கிற எல்லாரும் ஒரே நிறச் சட்டை போட்ட பெண்பிள்ளைகள் என்பதையும், கழுத்து அட்டையோடு பாதிப் பேர் தூங்குகிறார்கள் என்பதையும் பார்த்தேன். கம்பனி பஸ். ஒரகடத்திலிருந்து இரவு ஷிப்ட் முடிந்தவர்களை ஹாஸ்டலில் இறக்கப் போகிறது. நான் போக வேண்டிய திசைக்கு நேர் எதிராக.

ஜன்னலோரம் இருந்த பிள்ளை நகர்ந்து இடம் கொடுத்தாள். இருபத்தைந்து வயதுக்குள் இருக்கும். பெயர் இசக்கி, வள்ளியூர்ப் பக்கம். "எங்க போறிய, அக்கா?" என்று அவள் கேட்டபோது, இந்த நாலு நாளில் காதுக்கு நெருக்கமாக வந்த முதல் தமிழ் அதுதான் என்று தோன்றியது. விஷயத்தைச் சொன்னேன். மடியில் இருந்த பையைத் திறந்து காட்டினேன்.

அவளுடைய தூக்கம் போய்விட்டது. இரண்டு கையாலும் வால்வை வெளியே எடுத்தாள். "இது எங்க லைன்ல போறதுல்லா" என்றாள்.

ஹாஸ்டல் வாசலில் பஸ் எல்லாரையும் இறக்கியது. எதிரே இருந்த டீக்கடைக்கு அவளே என்னைக் கூட்டிப்போனாள். அவள் வேலை செய்வது வான் கம்பனிக்குப் பாகம் செய்து கொடுக்கிற வேறொரு கம்பனியில். மூன்று வருடமாக இந்த வால்வுகளைச் சோதிக்கிற மேசையில் இருக்கிறாளாம். ஷிப்டுக்கு நூற்றுக்கணக்கில் அவள் கையால் போகின்றன. ஆனால் எஞ்சினில் ஓடிய ஒன்றை அவள் கண்டதே இல்லை. கரியை விரலால் தொட்டுப் பார்த்தாள். "இவ்வளவு அழுக்குலயா இது வேல செய்யுது" என்று கேட்டாள். அவள் செய்கிற சாமான் போய்ச் சேருகிற இடத்தை யாரும் அவளுக்குக் காட்டியதில்லை.

அப்போது நான் ஒன்று கேட்டேன். எழுதக் கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் கேட்டது கேட்டதுதான். ஒன்றே ஒன்றை வெளியே கொண்டுவர முடியுமா, பிள்ளை, என்றேன். அவர்களுக்கு ஒன்று குறைந்தால் தெரியவா போகிறது என்றும் சொன்னேன்.

அவள் டம்ளரைக் கீழே வைத்தாள். "கேட்ல தலைமுடியக்கூட அவுத்துப் பாப்பாவ, அக்கா. மாட்டுனா வேல போவும். வேல மட்டும் போனாப் பரவால்ல, திருடின்னு சொல்லி ஊருக்கு அனுப்புவாவ."

மன்னித்துக்கொள், பிள்ளை, ஐந்து பேரை நினைத்து என் மூளை கெட்டுவிட்டது என்றேன். அவள் எழுந்து போயிருக்கலாம். இரவெல்லாம் நின்று வேலை செய்தவள், தூங்கப் போக வேண்டியவள். போகவில்லை. வால்வை மறுபடி கையில் எடுத்து, வயர் செருகுகிற வாயை வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தாள். கடைக்காரரிடம் ஒரு துணி வாங்கித் துடைத்துவிட்டு, அருகே வரச் சொன்னாள்.

உள்ளே ஐந்து ஊசிகள். வயரைச் செருகிக் கழற்றும்போது ஊசியில் கீறல் விழுமாம். நாலு ஊசிகளில் கீறல் அடிவரை இருந்தது. ஐந்தாவதில் நுனியில் மட்டும்.

"வால்வு கெட்டமாதிரி தெரியல, அக்கா. உங்க வண்டி வயர்லதான் ஒரு பின்னு பின்னால போயிருக்கு. சரியாத் தொடல. கழத்தி மாட்டும்போது தொடும், நாலு நாள் ஓடும். அப்பொறம் ஆட்டத்துல விலகிரும்."

நாலு நாள் ஓடியதை நான் அவளுக்குச் சொல்லவே இல்லை.

அவள் பேனாவால் இரண்டு ஊசிகளின் பக்கத்தில் புள்ளி வைத்தாள். அவை மோட்டருக்குப் போகிறவை. அவற்றில் மட்டும் பேட்டரியை ஒரு நொடி தொட்டுப் பார்க்க வேண்டும், திறந்தால் வால்வு நல்லது. மற்ற மூன்றில் தப்பித் தவறிக்கூடத் தொட்டுவிடக்கூடாது, தொட்டால் உண்மையிலேயே செத்துவிடும் என்றாள். தன் நம்பரையும் எழுதித் தந்துவிட்டு, கொட்டாவி விட்டபடி உள்ளே போனாள்.

ஏழுமலை என்னைத் தேடி ஒரகடத்தில் ஒரு மணிநேரம் நின்றிருக்கிறார். நான் போனில் சொன்ன டீக்கடைக்கு வந்து ஏற்றியதும் அதைத் திரும்பத் திரும்பச் சொன்னார். பாஷாவிடமே போனோம். என்னைக் கண்டதும், வாங்காத வாடிக்கையாளரைப் பார்க்கிற பார்வை பார்த்தார். புள்ளி வைத்த ஊசிகளைக் காட்டினேன். யார் சொன்னது என்று கேட்டார். இதைச் செய்கிறவள் சொன்னாள் என்றேன். பேட்டரியிலிருந்து இரண்டு வயரை எடுத்து, மிகக் கவனமாகத் தொட்டார்.

டக் என்று வால்வு திறந்தது. வயரை எடுத்ததும் மூடிக்கொண்டது. மறுபடி தொட்டார். மறுபடி திறந்தது.

"நல்லாத்தான கீது" என்றார் பாஷா. காசு வேண்டாம் என்று கையை ஆட்டினார்.

நல்லாத்தான் இருந்தது. நல்ல வால்வொன்றைப் பையில் சுமந்துகொண்டு கடல் தாண்டி வந்து, கேட்டில் நின்று, கவுண்டரில் நின்று, வெயிலில் நின்று, ஒரு பிள்ளையைத் திருடச் சொல்லியும் கேட்டிருக்கிறேன். பழுது பரந்தனில், குணமண்ணையின் கராச்சில், அவர் தலைக்கு மேலேயே தொங்கிக்கொண்டிருந்தது.

அவரை அழைத்தேன். விடயத்தைச் சொன்னேன். "வயரை நான் பாக்கேல்லை, தங்கச்சி" என்றார். கால் மணிநேரத்தில் அவரே திரும்ப அழைத்தார். வயர் நுனியில் இருக்கிற கொனெக்டருக்குள் ஒரு பின் உள்ளே விலகித்தான் இருந்ததாம், இடுக்கியால் இழுத்துப் பூட்டிவிட்டாராம். வால்வு இருந்தால் இப்பவே ஸ்டார்ட் பண்ணிப் பார்த்திருக்கலாம் என்றும் சொன்னார். அந்தக் கடைசி வசனத்துக்கு நான் சொன்ன பதிலை இங்கே எழுதவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் இசக்கியைப் பார்க்கப் போனேன். வார்டன் உள்ளே விடவில்லை. அவளே வாசலுக்கு வந்தாள், தலை குளித்து, வேறு ஆள் மாதிரி இருந்தாள். நடந்ததைச் சொன்னேன். அவள் கேட்டது ஒன்றுதான்.

"அப்ப வால்வு மேல குத்தம் இல்லல்லா?"

இல்லை என்றேன். ஒரு பீஸ் குறையென்று திரும்பி வந்தால் ஒரு வாரம் நிற்கவைத்து மீட்டிங் போடுவார்களாம். நல்லது என்று திரும்பி வந்து சொல்கிறவர் யாரும் இல்லையாம். அவள் முகத்தில் வந்த சந்தோஷத்தைப் பார்க்க, முந்தின நாள் நான் கேட்டது இன்னும் அதிகமாகக் குத்தியது. மறுபடி மன்னிப்புக் கேட்கத் தொடங்கினேன். "அத நான் யார்ட்டயும் சொல்லல, அக்கா" என்று சொல்லி முடித்துவைத்தாள். ஊரிலிருந்து கொண்டுவந்திருந்த, சின்ன ஓலைப் பெட்டியில் வார்த்த பனங்கட்டிக் குட்டானைக் கொடுத்தேன். முகர்ந்து பார்த்து, எங்க ஊர்க் கருப்பட்டி மாதிரியேதான் இருக்கு என்றாள்.

திங்கட்கிழமை வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். குணமண்ணை கராச்சை மூடாமல் காத்திருந்தார். அரை மணிநேரத்தில் வால்வைப் பூட்டினார். ஸ்டார்ட் பண்ணத் திறப்பைத் திருகினேன். மஞ்சள் விளக்கு எரிந்து, அணைந்து, அணைந்தபடியே இருந்தது.

செவ்வாய் விடிய ஐந்து பேரும் ஏறினார்கள். இரத்தினம் மாமி முன் இருக்கையை யாருக்கும் விடவில்லை. ஆனையிறவு வெளியில் மிதித்தேன். வான் கேட்டதற்கெல்லாம் இழுத்தது, பின்னால் புகை இல்லை. பின் இருக்கையிலிருந்து ஒருவர், இந்தியாச் சாமான் இந்தியாச் சாமான்தான் என்றார். இன்னொருவர், என்ன பாடுபட்டுக் கொண்டுவந்திருக்கிறா என்றார். உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தேன். குணமண்ணையின் முகம் நினைவுக்கு வந்தது. ஐந்து பேருக்கும் அவரை விட்டால் வேறு மெக்கானிக் இல்லை.

"பாத்தியே, பிள்ளை" என்று மாமி என் தோளைத் தட்டினார். "புதுசு எண்டா புதுசுதான்."

கண்ணாடியில் என் கணவரைப் பார்த்தேன். அந்த வானில் என்னைத் தவிர முழுக் கதையும் தெரிந்த ஒரே ஆள். முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பி வைத்திருந்தார். தோள் இரண்டும் குலுங்கின. சுகமில்லையோ என்று ஒரு கணம் பதறிப்போய் வேகத்தைக் குறைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தார் மனிதர், கண்ணில் நீர் வருகிற அளவுக்கு. அவர் அப்படிச் சிரித்து எத்தனை மாதம் ஆயிற்று என்று எண்ணிப் பார்த்தபடி, மறுபடி மிதித்தேன்.